3,667: பீட் மராவிச்சின் மூன்று ஆண்டுகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில் ஆடவர் ஒருவர் தன் கல்லூரிக் காலம் முழுவதிலும் எடுத்த மிக அதிகமான புள்ளிகள் 3,667. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மராவிச் 1967 முதல் 1970 வரையிலான மூன்றே பருவங்களில், 83 ஆட்டங்களில் அவற்றை எடுத்தார் என்பது அந்த விளையாட்டைப் பின்தொடரும் எவருக்கும் மனப்பாடமான செய்தி. ஓர் ஆட்டத்துக்கு 44.2 புள்ளிகள் என்ற அந்தச் சராசரியை அவருக்கு முன்னும் பின்னும் எவரும் நெருங்கியதில்லை. ஆனால் இந்த எண்ணை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு மராவிச்சை மதிப்பிட முனைகிறவர்கள், அவரைப் போற்றுகிறவர்களானாலும் குறைகூறுகிறவர்களானாலும், அவருடைய ஆட்டத்தில் எது அபூர்வமோ அதைக் கைநழுவ விட்டுவிடுகிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

எண் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கமான என்சிஏஏ அக்காலத்தில் முதலாண்டு மாணவர்களைப் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட அனுமதிக்கவில்லை. அவர்களுக்கெனத் தனி அணி இருந்தது, அதில் எடுத்த புள்ளிகள் எந்தச் சாதனைப் பட்டியலிலும் சேராது. இந்தத் தடை 1972-இல்தான் நீங்கியது. நெடுந்தொலைவிலிருந்து போடும் கூடைக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று புள்ளி தரும் கோடு கல்லூரி ஆடுகளங்கள் எங்கும் வரையப்பட்டது 1986-87 பருவத்தில். மராவிச்சோ இருபது, இருபத்தைந்து அடிக்கு அப்பாலிருந்து எறிவதை வழக்கமாகக் கொண்டவர். அந்தத் தொலைவுக்கு அவருக்குக் கூடுதல் கூலி எதுவும் கிடைக்கவில்லை. பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த டேல் பிரவுன், பழைய எறிகளின் இடங்களைக் குறித்துக் கணக்கிட்டு, மூன்று புள்ளிக் கோடு இருந்திருந்தால் அவருடைய சராசரி 57-ஐத் தொட்டிருக்கும் என்று சொன்னார். இப்படிப்பட்ட கணக்கு ஆர்வலர்களுக்கு மகிழ்ச்சி தரலாம். ஆனால் கோடு இருந்திருந்தால் தடுப்பாட்டமும் மாறியிருக்கும் என்பதால் அதன்மீது அதிகம் பாரம் ஏற்ற முடியாது.

மராவிச் ஆடிய இடம் கார்டு என்று அழைக்கப்படுவது. உயரமானவர்கள் கூடைக்கு அருகில் நின்று போரிட, அவர்களைவிடக் குட்டையான கார்டு ஆடுகளத்தின் பின்பகுதியிலிருந்து பந்தைத் தரையில் தட்டித் தட்டி முன்னே கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்கிறார். மரபான பார்வையில் அவர் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவரே தவிர, தானே எடுத்து உண்ண வேண்டியவர் அல்லர். ஆறடி ஐந்தங்குல உயரமும் ஒல்லி உடம்பும் கொண்ட மராவிச் பங்கிடும் வேலையில்தான் எல்லோரையும்விடத் தேர்ந்தவர். ஆனால் வரலாறு அவரை எடுத்துக்கொண்டவராகவே நினைவில் வைத்திருக்கிறது. இந்த முரணுக்குக் காரணம் தேடுகிறவர்கள் அவருடைய தந்தையிடம் போய்ச் சேர்வார்கள்.

பிரஸ் மராவிச், பென்சில்வேனியாவின் எஃகு ஆலை நகரமான அலிக்குவிப்பாவில், குடியேறிய செர்பிய இனத் தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். கூடைப்பந்து அவரை ஆலையிலிருந்து மீட்டது. சிறிது காலம் தொழில்முறை அணியில் ஆடிவிட்டுப் பயிற்சியாளரானார். 1947-இல் பிறந்த மகன் பீட்டை அவர் வளர்த்த முறை, அன்பும் ஆக்கினையும் பிரிக்க முடியாதபடி பின்னியிருந்த ஒன்று. கூடையை எட்டும் வலுவில்லாத சிறுவயதில் துப்பாக்கியை உருவுவதுபோல இடுப்பருகிலிருந்து பந்தை எறிந்ததால் சிறுவனுக்குப் ‘பிஸ்டல்’ என்ற பட்டப்பெயர் வந்தது, கடைசிவரை நிலைத்தது. தந்தை வகுத்துக்கொடுத்த நாற்பதுக்கும் குறையாத பயிற்சிகளை அவன் நாள்தோறும் மணிக்கணக்கில் செய்தான். தந்தை காரை மெதுவாக ஓட்ட, மகன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே போனதும், திரையரங்கில் ஓர இருக்கையில் அமர்ந்து படம் ஓடும்போதே நடைபாதையில் பந்தைத் தட்டியதும் மராவிச்சே பின்னாளில் சொன்னவை.

அந்தப் பயிற்சிகளில் ‘பிரெட்ஸல்’ என்று தந்தையும் மகனும் பெயரிட்ட ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கி நிற்கவேண்டும். பந்து இரு கால்களுக்கும் நடுவில் இருக்கும். ஒரு கை முன்பக்கத்திலிருந்தும் மறுகை பின்பக்கத்திலிருந்தும் அதைப் பற்றியிருக்க, கைகளை விடுவித்து இடம் மாற்றி, பந்து தரையைத் தொடுவதற்குள் மீண்டும் பிடிக்கவேண்டும். இதை வேகம் கூட்டிக் கூட்டிச் செய்யும்போது பந்து அந்தரத்தில் அசையாமல் நிற்பதாகவும் கைகள் மட்டும் அதைச் சுற்றிப் பறப்பதாகவும் தோன்றும். மற்றொரு பயிற்சியில் பந்தைக் கால்களுக்கு இடையே ஓங்கி அறைந்து, அது பின்னால் எழும்பி வரும்போது திரும்பிப் பார்க்காமலே முதுகுப்புறம் பிடிக்கவேண்டும். இவற்றில் எதுவும் ஆட்டத்தில் அப்படியே பயன்படாது. விரல் நுனிகள் பந்தை அறிந்துகொண்டுவிட்டால் கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, எட்டுத் திசையிலும் யார் எங்கே நகர்கிறார்கள் என்று பார்க்க அவை விடுதலை பெறுகின்றன என்பதே இந்தச் சாதகத்தின் நோக்கம். எடுத்த எடுப்பில் வித்தை காட்டுவதாகத் தெரிவது உண்மையில் பார்வைக்கான பயிற்சி. தன் நாற்பதாம் வயதில், 1987-இல், மராவிச் இவற்றையெல்லாம் சிறுவர்களுக்காக ஒளிநாடாக்களில் செய்துகாட்டிப் பதிவு செய்தார்.

1966-இல் பிரஸ் மராவிச் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றபோது மகனும் கூடவே வந்தார். மகனின் மனம் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை நாடியிருந்தது என்றும் தந்தையின் வற்புறுத்தலே வென்றது என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பேட்டன் ரூஜ் நகரம் அமெரிக்கக் கால்பந்துக்கு வாழ்க்கைப்பட்ட ஊர். கூடைப்பந்து அங்கே குளிர்காலத்தை ஓட்டுவதற்கான பொழுதுபோக்கு. அணி ஆடிய அரங்கம் கால்நடைக் கண்காட்சிகளும் குதிரை அடக்கும் போட்டிகளும் நடந்த இடம் என்பதால் ‘மாட்டு மாளிகை’ என்றே ஊரார் அதைக் கேலியாக அழைத்தார்கள். முதல் ஆண்டில் தந்தையின் முதன்மை அணி 26 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. அதற்கு முன்னோடியாக அதே அரங்கில் நடந்த முதலாண்டு மாணவர் ஆட்டத்தில் பீட் சராசரி 43-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார்; அவருடைய ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி எழுந்து வீட்டுக்குப் போய்விடும்.

அடுத்த மூன்று பருவங்களில் அவர் முறையே 1,138, 1,148, 1,381 புள்ளிகள் எடுத்தார். ஐம்பதும் அதற்கு மேலும் எடுத்த ஆட்டங்கள் மட்டும் 28. 1970 ஜனவரி 31 அன்று, சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்கர் ராபர்ட்சன் பத்தாண்டுகளுக்கு முன் நிறுவியிருந்த 2,973 என்ற மொத்தத்தைக் கடந்தார். இந்த மலையின் மறுசரிவையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர் கூடையை நோக்கி எறிந்தவை 3,166, விழுந்தவை 1,387. எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களிலிருந்து வந்த 893 புள்ளிகள் நீங்கலாக மற்றவையெல்லாம், ஆட்டத்துக்கு 38 எறிகள் என்ற, வேறெந்தப் பயிற்சியாளரும் தன் ஆட்டக்காரருக்குத் தரத் துணியாத உரிமத்திலிருந்து வந்தவை. 1970 பிப்ரவரி 7 அன்று அலபாமாவுக்கு எதிராக அவர் 69 புள்ளிகள் எடுத்தார். அணி 104-106 என்று தோற்றது. இரண்டு வாரம் கழித்துக் கென்டக்கிக்கு எதிராக 64 எடுத்தார். அணி 105-121 என்று தோற்றது. கென்டக்கியை ஆறு முறை சந்தித்து ஒருமுறையும் வெல்ல முடியவில்லை. மூன்று பருவங்களிலும் சேர்த்து அணியின் வெற்றிகள் 49, தோல்விகள் 35. தேசியச் சாம்பியனை முடிவுசெய்யும் என்சிஏஏ போட்டிக்கு அணி ஒருமுறையும் தகுதி பெறவில்லை. கடைசி ஆண்டில் நியூயார்க்கில் நடக்கும் என்ஐடி என்ற அழைப்புப் போட்டியில் அரையிறுதிவரை வந்து, மார்க்கெட் பல்கலைக்கழகத்திடம் தோற்றது.

இதைச் சுட்டிக்காட்டி அவரைத் தன்னலக்காரர் என்பது எளிது. ஆனால் எறிகளின் எண்ணிக்கையை விதித்தவர் தந்தை. அணியில் வேறு வலுவான ஆட்டக்காரர்கள் குறைவு. அரங்கு நிரம்பவேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. மகனை முன்வைத்து ஒரு கூடைப்பந்துப் பண்பாட்டையே அந்த மாநிலத்தில் உண்டாக்கலாம் என்று பிரஸ் நம்பினார், நம்பியது நடந்தும்விட்டது. அதற்கான விலையை மகனின் உடம்பும் மனமும் கொடுத்தன. குடும்பத்தின் பிழைப்பும் தந்தையின் பெயரும் ஊரின் எதிர்பார்ப்பும் ஒவ்வொரு மாலையும் நாற்பது புள்ளிகளில் தொங்கிக்கொண்டிருந்த நிலையில் இருபது வயது இளைஞர் ஒருவரை நிறுத்தியதைப் பயிற்சி என்ற பெயரால் மட்டும் நியாயப்படுத்த முடியாது.

அவருடைய உண்மையான மேதைமை பந்தைக் கைமாற்றுவதில், அதாவது பாஸ் கொடுப்பதில் இருந்தது. வேகமாக முன்னேறும்போது மூன்று பேர் அவருடைய எறிக்காகக் காத்திருக்க, அவர் பந்தை முதுகுக்குப் பின்னால் சுழற்றியோ, கால்களுக்கு இடையே தரையில் அடித்தோ, மணிக்கட்டின் ஒரே சுண்டலில் பக்கவாட்டிலோ யாரும் எதிர்பாராத ஒருவரிடம் சேர்த்துவிடுவார். பல நேரங்களில் பெறவேண்டியவரே எதிர்பாராமல் நின்றிருப்பார். பந்து மார்பில் மோதித் திரும்பும். அது மராவிச்சின் தவறாகக் கணக்கில் ஏறும். இத்தகைய பாஸ் ஆடம்பரம் என்றும் ஒழுங்கீனம் என்றும் அன்றைய பயிற்சியாளர்களில் பலர் கருதினார்கள். மார்புக்கு நேராக இரு கைகளாலும் தள்ளுவதே முறையென்று பாடநூல்கள் சொல்லின. அவர்கள் காணத் தவறியது ஒன்று உண்டு. தடுப்பவரின் கை நேர்வழியை அடைத்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் போகும் வழிதான் குறுக்குவழி. ஆடம்பரமாகத் தெரிந்தது பெரும்பாலும் சிக்கனம். இன்று கார்டுகள் எல்லோரும் அந்த வழிகளைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். புள்ளிப் பட்டியலில் இடம்பெறாத இந்தக் கொடைதான் 3,667-ஐவிட நீண்டநாள் வாழும்.

அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றிய புகழுரைகளில் அநேகமாக எப்போதும் விடுபடும் ஒரு செய்தி இருக்கிறது. லூசியானா அணி ஆடிய தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பில் 1967 வரை கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட முதன்மை அணிக் கூடைப்பந்தில் இறங்கியதில்லை. மராவிச் அறிமுகமான அதே 1967 டிசம்பரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெர்ரி வாலஸ் முதலாமவராக இறங்கினார். இருவரும் அதே மூன்று பருவங்கள் ஆடினார்கள், எதிரெதிரே ஆடினார்கள், 1970-இல் ஒன்றாக விடைபெற்றார்கள். ஒருவரைக் காண எதிரணி ஊர்களிலும் மக்கள் நுழைவுச்சீட்டுக்கு முண்டியடித்தார்கள். மற்றவர் மீது மிசிசிப்பி, அலபாமா மாநில அரங்குகளில் வசையும் மிரட்டலும் பொழிந்தார்கள். இதில் விதிகளும் ஒரு பங்கு வகித்தன. உயரத் தாவிப் பந்தைக் கூடைக்குள் நேராக அறைந்து செருகும் டங்க் என்ற முறை வாலஸின் வலிமை. அதை என்சிஏஏ 1967-இல் தடைசெய்து, 1976-77 பருவத்தில்தான் மீண்டும் அனுமதித்தது. அந்தத் தடை யூசிஎல்ஏ அணியின் லூ அல்சின்டரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்றே பரவலாகக் கருதப்படுகிறது. ஆயினும் வாலஸ் தன் மூன்று பருவங்களையும் தனக்கு மிகவும் கைவந்த எறி இல்லாமலே ஆடி முடித்தார். மராவிச்சின் சொந்தப் பல்கலைக்கழக அணியில் கறுப்பின ஆட்டக்காரர் இடம்பெற்றது அவர் போன பிறகு, கோலிஸ் டெம்பிள் 1971-இல் வந்தபோதுதான். இதற்கு மராவிச் என்ற இளைஞரைப் பொறுப்பாக்குவது தகாது. ஆனால் ஒரு சாதனை எண்ணைத் தூய்மையான ஆடுகளத்தில் விளைந்ததாகக் காட்டுவதும் தகாது. தென்மாநிலங்களின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பெரும்பகுதியினர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் அது எழுதப்பட்டது.

தொழில்முறை வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1970-இல் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரைப் பெருந்தொகைக்கு எடுத்தது. மூத்த ஆட்டக்காரர்கள் அந்தத் தொகையால் மனக்கசப்படைந்தார்கள். 1974-இல் புதிதாகத் தொடங்கப்பட்ட நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்கு வந்தார். 1976-77 பருவத்தில் ஆட்டத்துக்கு 31.1 என்ற சராசரியோடு, தொழில்முறைக் கூட்டமைப்பான என்பிஏவின் முதலிடம் பெற்றார். அந்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 68 எடுத்தார். மறு ஆண்டு ஜனவரியில் பஃபலோ அணிக்கு எதிரான ஆட்டத்தில், எகிறிக் குதித்துக் கால்களுக்கு இடையே நீண்ட பாஸ் ஒன்றைக் கொடுத்துத் தரையிறங்கியபோது முழங்கால் பிசகியது. அதன்பின் பழைய ஆட்டம் திரும்பவில்லை. கடைசியாகப் பாஸ்டன் செல்டிக்ஸில் சில மாதங்கள் ஆடிவிட்டு 1980-இல் விலகினார். மறு ஆண்டே அந்த அணி சாம்பியன் ஆனது. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் முதன்முதலாக வந்த அந்தக் கடைசிப் பருவத்தில் அவர் அங்கிருந்து எறிந்தவை 15, விழுந்தவை 10.

விலகிய பின் சில ஆண்டுகள் அவர் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தார். தாய் ஹெலன் 1974-இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். யோகம், மரக்கறி உணவு, வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய நூல்கள் என்று எதிலெதிலோ அமைதி தேடி, 1982-இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்து சேர்ந்தார். 1987-இல் தந்தை புற்றுநோயால் இறக்கும்வரை அருகிலிருந்து பார்த்துக்கொண்டார். அதே ஆண்டு நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. 1988 ஜனவரி 5 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஒரு தேவாலய உடற்பயிற்சிக் கூடத்தில் நண்பர்களோடு சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். வயது 40. இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு முதன்மைத் தமனிகளில் இடப்பக்கத்தது அவருக்குப் பிறவியிலேயே இல்லை என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. வலப்பக்கத் தமனி பருத்து இரண்டின் வேலையையும் செய்துவந்திருக்கிறது. அப்படிப்பட்ட இதயத்தோடு ஒருவர் இருபது வயதைத் தாண்டுவதே அரிது. பள்ளி, கல்லூரி, தொழில்முறை என்று இத்தனை ஆண்டுகளும் அவர் ஓடிய ஓட்டம் அனைத்தும் அந்த ஒற்றைத் தமனியை நம்பி ஓடியவை. அவரைப் பரிசோதித்த மருத்துவர்களுக்கோ பயிற்சியாளரான தந்தைக்கோ அது தெரியாது.

2023-இல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் கார்டு அன்ட்வான் டேவிஸ், ஐந்து பருவங்கள், 144 ஆட்டங்கள் ஆடி 3,664-இல் நின்றார். மூன்று புள்ளி குறைவு. அவருக்கும் பயிற்சியாளர் சொந்தத் தந்தையே. 2024 மார்ச் 3 அன்று அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க், மகளிர் ஆட்டத்தில், ஒரு ஃப்ரீ த்ரோ மூலம் 3,667-ஐக் கடந்து, பின்னர் 3,951-இல் முடித்தார். நான்கு பருவங்கள் ஆடியவர், மூன்று புள்ளிக் கோடு இருந்த காலத்தவர் என்று அவருடைய சாதனையைக் குறைக்க முயன்றவர்கள் உண்டு. ஆனால் கிளார்க்கின் நெடுந்தொலைவு எறிகளையும் அதைவிட அழகான நெடுந்தொலைவு பாஸ்களையும் பார்க்கும் எவருக்கும், மராவிச்சின் உண்மையான வாரிசு யாரென்ற கேள்விக்கு விடை தெரியும்; வாரிசு கிடைப்பது முன்னோரின் பெருமைக்குக் குறைவல்ல.

மராவிச்சின் கல்லூரி ஆட்டங்களில் படச்சுருளில் எஞ்சியவை குறைவு, இருப்பவையும் மங்கலானவை. அவற்றைத் தேடிப் பார்க்கும் வாசகர்கள் புள்ளிப் பலகையைச் சற்று மறந்து, பந்து அவர் கையைவிட்டு நீங்கும் கணத்தில் மற்ற ஒன்பது பேரும் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுகளின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் பெர்ரி வாலஸின் பெயரையும் கூடவே தேடிப் படிக்க வேண்டும்.